குளிரின் எல்லையைத் தொட்டவர்

பூமியின் சுழற்சியை அளந்த ஹாலந்து விஞ்ஞானியின் வாழ்க்கை

பம்பரம் விடாத பையன் உண்டா?

புதுக்கோட்டை ராஜ வீதிகளிலும் சரி, திருமயம் கோட்டை அடிவாரத்திலும் சரி, பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் சாட்டையைச் சுற்றிப் பம்பரத்தை வீசுவார்கள். பம்பரம் விர்ரென்று சுழலும். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்று தூங்கும். கொஞ்ச நேரத்தில் அதன் தலை ஆடத் தொடங்கும். பிறகு சாய்ந்து விழுந்து விடும்.

ஏன் விழுகிறது? பம்பரத்தின் ஆணி தரையில் உராய்கிறது. காற்றும் அதைத் தடுக்கிறது. அதனால் வேகம் குறைகிறது.

நாம் வாழும் பூமியும் ஒரு பெரிய பம்பரம்தான். தினம் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஆனால் நாம் அதன் மேலேயே நிற்பதால் அது சுற்றுவது நமக்குத் தெரிவதில்லை. சூரியன்தான் நகர்கிறது என்று கண் சொல்கிறது.

வானத்தைப் பார்க்காமல், கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறைக்குள் இருந்தபடியே பூமி சுழல்வதை அளக்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் ஓர் இளைஞர். பிறகு அவர் வேறு வழியில் போனார். குளிரைத் தேடிப் போனார். உலகில் யாரும் காணாத குளிரைக் கண்டார். அந்தக் குளிரில் ஓர் அதிசயத்தையும் கண்டார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, சுழற்சியை மிக நுட்பமாக அளக்கும் கருவி அந்த அதிசயத்தில் இருந்தே பிறந்தது!

அவர்தான் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ்.

செங்கல் சூளைக்காரர் மகன்

ஹாலந்து நாட்டின் வட பகுதியில் குரோனிங்கன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1853-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி ஓன்னஸ் பிறந்தார். தகப்பனாருக்குச் செங்கல் சூளை இருந்தது. தாயார் கட்டிடக் கலைஞர் ஒருவரின் மகள். வசதியான குடும்பம். ஆனால் கண்டிப்பான குடும்பம்.

தம்பி மென்சோ பிற்காலத்தில் பெயர் பெற்ற ஓவியர் ஆனார். ஓன்னசுக்குப் பிடித்தது ரசாயனமும் பௌதிகமும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உள்ளூர் சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1871-ல், 18 வயதிலேயே, ஒரு கட்டுரைப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

அதே ஆண்டில் ஜெர்மனிக்குப் போனார். ஹைடல்பர்க் நகரில் புன்சன், கிர்க்காப் என்ற இரு பெரிய விஞ்ஞானிகளிடம் பாடம் கேட்டார். சிறந்த மாணவர் என்று பரிசு பெற்று, கிர்க்காப்பின் உதவியாளர் ஆனார்.

அவருக்கு உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி இருமலும் மூச்சுத் திணறலும் வாட்டின. வாழ்நாள் முழுவதும் இந்தத் தொல்லை அவரை விடவில்லை.

குண்டு காட்டிய உண்மை

ஊர் திரும்பிய ஓன்னஸ் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பூமியின் சுழற்சி.

அதற்கு முன்பே 1851-ல் பாரிஸ் நகரில் பூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு வேடிக்கை காட்டினார். பாந்தியன் என்ற பெரிய மண்டபத்தின் உச்சியில் இருந்து 67 மீட்டர் நீளமுள்ள கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு முன்னும் பின்னும் ஆடியது. நேரம் ஆக ஆக, அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது.

குண்டைத் திருப்பியது யார்? யாரும் இல்லை! குண்டு தன் திசையில்தான் ஆடுகிறது. அதன் கீழே இருக்கும் தரைதான் திரும்புகிறது. தரை திரும்புகிறது என்றால் பூமி சுழல்கிறது என்று அர்த்தம். பாரிஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்து அதிசயித்தார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. குண்டைத் தொங்கவிடும் இடத்தில் சிறு கோணல் இருந்தாலும், குண்டு நேராக ஆடாமல் முட்டை வடிவில் சுற்ற ஆரம்பித்து விடும். பிறகு பூமியின் வேலை எது, கோணலின் வேலை எது என்று பிரிக்க முடியாது. கம்பி குட்டையாக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். அதனால்தான் பூக்கோ அவ்வளவு நீளமான கம்பியைத் தேடினார்.

ஓன்னஸ் எதிர் வழியில் போனார். ஓர் ஆள் உயரம்கூட இல்லாத குட்டையான ஊசலைச் செய்தார். காற்றின் தடை இருக்கக் கூடாது என்று, காற்றை உறிஞ்சி வெளியேற்றிய பாத்திரத்துக்குள் அதை ஆடவிட்டார். கோணல் எவ்வளவு, அதனால் வரும் பிழை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழித்தார். மிஞ்சி நின்றது பூமியின் சுழற்சி! பிழையைக் கண்டு பயப்படாதே, அதை அளந்துவிடு என்பதே அவர் கண்ட வழி. 1879-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

புதுக்கோட்டையில் தொங்கவிட்டால்?

அதே குண்டைப் புதுக்கோட்டையில் தொங்கவிட்டால் என்ன ஆகும்?

வட துருவத்தில் தொங்கவிட்டால் ஊசலின் திசை ஏறக்குறைய ஒரு நாளில் முழு வட்டம் திரும்பி விடும். பூமத்திய ரேகையில் தொங்கவிட்டால் திரும்பவே திரும்பாது. மற்ற ஊர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே. ஓன்னஸ் பிறந்த குரோனிங்கன் வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஊசல் மணிக்கு 12 டிகிரி திரும்பும். ஒரு வட்டம் முடிய 30 மணி நேரம் போதும்.

புதுக்கோட்டையோ பூமத்திய ரேகைக்குப் பக்கம். இங்கே மணிக்கு 2.7 டிகிரிதான் திரும்பும். திங்கட்கிழமை காலையில் ஆட்டிவிட்ட குண்டு ஒரு முழு வட்டம் திரும்பி முடிக்கச் சனிக்கிழமை மாலை ஆகிவிடும். சுமார் ஐந்தரை நாள்! இங்கே அளப்பது அவ்வளவு கடினம்.

லேடன் நகருக்கு அழைப்பு

1882-ல் லேடன் சர்வகலாசாலை ஓன்னசைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு 29 வயது. முதல் சொற்பொழிவிலேயே தம் கொள்கையை அவர் வெளியிட்டார். அளந்து பார்த்தால்தான் அறிவு வளரும் என்பதே அந்தக் கொள்கை. கடைசி வரை அதை அவர் மாற்றவில்லை.

வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்கினால் அவற்றின் குணங்களைத் துல்லியமாக அளக்கலாம் என்று அவர் நினைத்தார். அவருடைய நண்பர் வான்டர்வால்ஸ் இதற்கான கணக்குகளைத் தந்திருந்தார்.

அதற்கு நல்ல கருவிகள் வேண்டும். கருவி செய்ய நல்ல தொழிலாளிகள் வேண்டும். ஓன்னஸ் தம் ஆராய்ச்சிச் சாலையிலேயே தொழிற்பயிற்சி நடத்தினார். நீலச் சட்டை அணிந்த பையன்கள் அங்கே கண்ணாடி ஊதவும் இரும்பு கடையவும் கற்றார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது பிழைப்புக்கு வழி காட்டியது. பிளிம் என்ற மேஸ்திரியும் கெஸ்ஸல்ரிங் என்ற கண்ணாடி ஊதுபவரும் ஓன்னசின் இரு கைகள் போல இருந்தார்கள்.

1894-ல் காற்றைத் திரவமாக்கும் பெரிய இயந்திரம் வேலை செய்ய ஆரம்பித்தது. அடுத்தது ஹைட்ரஜன். அந்தச் சமயத்தில்தான் இடி விழுந்தது!

ஊர் போட்ட தடை

1807-ல் லேடன் நகரின் கால்வாயில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்துச் சிதறியது. சுமார் 150 பேர் மாண்டார்கள். தெருக்கள் தரைமட்டமாயின. ஓன்னசின் ஆராய்ச்சிச் சாலை நின்றதோ அந்த இடிபாட்டு நிலத்தின் மேல்!

அங்கே அழுத்தமான வாயுக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி 1895-ல் பரவியது. நகரத்தார் பயந்தார்கள். மறுபடியும் வெடித்தால் என்ன கதி என்று கேட்டார்கள். வேலைக்குத் தடை வந்தது. விசாரணைக் குழு அமைந்தது.

ஜனங்களின் பயத்திலும் நியாயம் இருந்தது. வெந்த புண்ணை மறக்க முடியுமா? ஓன்னஸ் காத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. 1898-ல்தான் அனுமதி கிடைத்தது.

அதே 1898-ல் லண்டனில் டுவார் என்ற விஞ்ஞானி ஹைட்ரஜனைத் திரவமாக்கி விட்டார். பந்தயத்தில் ஓன்னஸ் பின்தங்கினார். ஆனால் மனம் உடையவில்லை. அவசரப்படாமல் இயந்திரத்தைச் செப்பனிட்டார். 1906-ல்தான் லேடனில் ஹைட்ரஜன் திரவமாயிற்று. ஆனால் அங்கே அது சொட்டுச் சொட்டாக வரவில்லை. லிட்டர் லிட்டராக வந்தது!

மணலில் ஒளிந்திருந்த வாயு

மிஞ்சி இருந்தது ஹீலியம் ஒன்றுதான்.

1868-ல் நம் சென்னை மாகாணத்தில் குண்டூர், மசூலிப்பட்டினம் பகுதிகளில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து கூடினார்கள். சூரிய ஒளியில் இதுவரை அறியாத ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டில் கவனத்துக்கு வந்தது. அதைத் தரும் பொருளுக்கு, சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பூமியில் அது 1895-ல்தான் அகப்பட்டது.

மோனசைட் என்ற மணலைச் சூடாக்கினால் ஹீலியம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறதே, அதே வகை மணல்தான். ஓன்னசின் சகோதரர் ஒருவர் வாணிபத் துறையில் இருந்தார். அவர் அமெரிக்காவில் இருந்து மூட்டை மூட்டையாக மணலைத் தருவித்துக் கொடுத்தார். மாதக்கணக்கில் உழைத்து 300 லிட்டருக்கு மேல் ஹீலியத்தைச் சேர்த்தார்கள்.

1908-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓன்னஸ் தவறு ஒன்று செய்தார். ஹீலியம் உறைந்து விட்டது என்று நினைத்துச் செய்தி அனுப்பிவிட்டார். பிறகு பார்த்தால் உறைந்தது ஹீலியம் அல்ல. அதில் கலந்திருந்த ஹைட்ரஜன்! உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஓன்னஸ் தம் தவற்றை மூடி மறைக்கவில்லை. ஒப்புக்கொண்டார். மறுபடி வேலையில் இறங்கினார்.

மறக்க முடியாத நாள்

1908 ஜூலை 10. விடியற்காலை 5.45 மணிக்கே வேலை தொடங்கியது. 75 லிட்டர் திரவக் காற்று தயாராக இருந்தது. பகல் ஒன்றரை மணிக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜனும் தயாராயிற்று. கண்ணாடிக் குழாயில் சிறு துளி காற்று புகுந்தாலும் உறைந்து அடைத்துவிடும். எல்லாம் வீணாகிவிடும்.

ஓன்னசுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. கையை எடுக்க முடியாத வேலை. அவருடைய மனைவி வந்து ரொட்டித் துண்டுகளை ஊட்டிவிட்டார்.

மாலை வந்தது. உஷ்ணமானி இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. ஹைட்ரஜன் தீர்ந்துகொண்டிருந்தது. சேமித்து வைத்த கடைசி ஹீலியத்தையும் செலுத்தியாயிற்று. பாத்திரத்தில் எதுவும் தெரியவில்லை. தோல்விதானா?

அப்போது வேடிக்கை பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர், கீழே இருந்து வெளிச்சம் காட்டிப் பார்க்கலாமே என்றார். விளக்கைக் கீழே பிடித்தார்கள். என்ன ஆச்சரியம்! பாத்திரத்தில் ஒரு திரவத்தின் விளிம்பு கத்தி முனை போலப் பளிச்சென்று தெரிந்தது. ஹீலியம் எப்போதோ திரவமாகி இருந்தது. கண்ணுக்குத்தான் தெரியவில்லை!

கிடைத்தது 60 மில்லிலிட்டர். ஒரு சிறிய டம்ளர் அளவுகூட இல்லை. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. குளிரின் கடைசி எல்லை 273 டிகிரி. எல்லைக்கு நாலு படி இருக்கும்போது ஓன்னஸ் அங்கே நின்றார். அன்று அவ்வளவு குளிர் உலகில் வேறெங்கும் செய்யப்பட்டதில்லை.

பாதரசம் செய்த ஜாலம்

கம்பியில் மின்சாரம் போகும்போது தடை இருக்கும். அந்தத் தடையால்தான் கம்பி சுடுகிறது. கடும் குளிரில் இந்தத் தடை என்ன ஆகும்? அடியோடு உறைந்துபோய் மின்சாரம் நின்றுவிடும் என்றார்கள் சிலர். மெல்ல மெல்லக் குறையும் என்றார்கள் சிலர்.

1911 ஏப்ரல் 8-ந் தேதி மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பித் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தார்கள். ஹோல்ஸ்ட் என்ற இளைஞர் அளந்தார். தடை காணாமல் போயிருந்தது! கருவியில் கோளாறு என்று முதலில் சந்தேகித்தார்கள். மறுபடி மறுபடி பார்த்தார்கள். கோளாறு இல்லை. சுமார் 269 டிகிரிக் குளிரில் பாதரசத்தின் தடை திடீரென்று மறைந்தது. இதற்கு மீக்கடத்தல் என்று இன்று பெயர்.

அளந்தவர் ஹோல்ஸ்ட் என்றாலும் கட்டுரை ஓன்னசின் பெயரிலேயே வெளிவந்தது. அக்கால வழக்கம் அப்படி. இன்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

1913-ல் ஓன்னசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு இன்னும் ஒரு விந்தை. ஈயக் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி அதில் மின்சாரத்தைச் சுழலவிட்டார். பிறகு பாட்டரியின் தொடர்பை அறுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு திசைகாட்டி முள் இருந்தது. மின்சாரம் நின்றால் முள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை! மணிக்கணக்காகியும் திரும்பவில்லை. பாட்டரி இல்லாமலே மின்சாரம் சுற்றிக்கொண்டிருந்தது. உராய்வே இல்லாத பம்பரம் போல!

கடைசிப் பயணம்

முதல் உலக யுத்தம் ஐரோப்பாவை அலைக்கழித்தது. சண்டையிட்ட நாடுகளின் விஞ்ஞானிகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். ஓன்னஸ் அவர்களைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டார். பஞ்சத்தில் வாடிய நாடுகளின் பசித்த குழந்தைகளுக்கும் உதவினார்.

1926 பிப்ரவரி 21-ந் தேதி லேடனில் அவர் காலமானார். வயது 72.

அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பற்றி லேடனில் ஒரு கதை சொல்வார்கள். பிரார்த்தனை முடிய நேரமாகிவிட்டதால் சவ வண்டி வேகமாகப் போனது. பின்னால் நடந்து வந்த பிளிமுக்கும் கெஸ்ஸல்ரிங்குக்கும் மூச்சு வாங்கியது. நம் கிழவர் செத்த பிறகும் நம்மை ஓட வைக்கிறாரே என்று அவர்கள் கண்ணீரோடு சிரித்தார்களாம்.

வானத்தில் சுழன்ற பம்பரம்

ஓன்னசின் கதை அதோடு முடியவில்லை.

மீக்கடத்தும் பொருளைச் சுழலவிட்டால் அதில் மிகச் சிறிய காந்த சக்தி தோன்றும். அது சுழலும் அச்சின் திசையிலேயே நிற்கும் என்று 1950-ல் பிரிட்ஸ் லண்டன் என்ற விஞ்ஞானி எழுதினார். லண்டன் என்பது ஊர் அல்ல, அவர் பெயர்! 1960-களில் சோதித்துப் பார்த்தார்கள். உண்மையாக இருந்தது.

இதனால் என்ன பயன்? சுழலும் ஒரு பந்து எந்தத் திசையில் நிற்கிறது என்று அறிய அதில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அடையாளம் வைத்தால் பந்தின் சமநிலை கெட்டுவிடும். ஆனால் மீக்கடத்தும் பந்துக்கு அடையாளம் தேவையில்லை. அதன் காந்த சக்தியே அச்சைக் காட்டிக்கொடுக்கும். அந்த நுண்ணிய காந்தத்தை அளக்க ஸ்குவிட் என்ற கருவி உண்டு. அதுவும் மீக்கடத்தலால் இயங்குவதே.

2004 ஏப்ரலில் அமெரிக்கா ஒரு செயற்கைக் கோளை அனுப்பியது. அதற்குள் நாலு பந்துகள். ஒவ்வொன்றும் மேஜைப்பந்து அளவு. படிகக் கல்லால் ஆனவை. மேலே நியோபியம் என்ற உலோகப் பூச்சு. திரவ ஹீலியத்தின் குளிரில், எதையும் தொடாமல் மிதந்தபடி, நிமிஷத்துக்குச் சுமார் 4,000 முறை சுழன்றன. உராய்வு இல்லை. காற்றுத் தடையும் இல்லை என்றே சொல்லலாம்.

எதற்காக இந்தப் பாடு? பூமி சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சிறிது இழுத்துச் செல்லும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கையில் இருந்து கிடைத்த முடிவு. தேனில் உருண்டையைச் சுழற்றினால் பக்கத்துத் தேனும் சேர்ந்து நகர்வது போல! அப்படி இழுத்தால் பந்துகளின் அச்சு சற்றே திரும்ப வேண்டும். எவ்வளவு? ஓர் ஆண்டில், கால் மைல் தூரத்தில் இருக்கும் ஒரு தலைமயிரின் பருமன் அளவு! திருமயம் கோட்டை உச்சியில் ஒரு மயிரிழையைப் பிடித்துக்கொண்டு, கால் மைலுக்கு அப்பால் நின்று அதன் பருமனை அளப்பது போல.

பந்துகளிலும் எதிர்பாராத சிறு கோளாறுகள் இருந்தன. அவற்றின் மேல் படிந்திருந்த மின்னூட்டத் திட்டுகள் அச்சைத் தாமாகவே திருப்பின. விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. அந்தப் பிழைகளை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அளந்து கழித்தார்கள். குரோனிங்கனில் இளைஞர் ஓன்னஸ் செய்த அதே வேலை! 2011-ல் முடிவு வந்தது. பூமி வெளியை இழுப்பது உண்மைதான்.

மீக்கடத்தல் கண்டுபிடித்துச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த வருஷம் அது.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்துக்குள்ளும் மீக்கடத்தும் கம்பிச் சுருளே இருக்கிறது. நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் கருவிகளைச் செய்து, இதயமும் மூளையும் எழுப்பும் நுண்ணிய காந்தத்தை அளந்திருக்கிறார்கள்.

ஆடும் குண்டில் பூமியின் சுழற்சியைத் தேடினார் அந்த இருமல்கார இளைஞர். வழியில் ஊர் தடுத்தது. உடம்பு தடுத்தது. ஒரு முறை அவருடைய அவசரமே அவரைத் தலைகுனிய வைத்தது. அவர் அளப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் கண்ட குளிர், அவர் முதலில் கேட்ட கேள்விக்கே திரும்பி வந்து பதில் சொன்னது.

புதுக்கோட்டைப் பையன் விடும் பம்பரம் ஒரு நிமிஷம் தூங்கும். ஓன்னஸ் காட்டிய வழியில் பிறந்த பம்பரமோ வானத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் தூங்கியது!